டிரெய்லரா, வாடகை லோரியா? குதிரை வைத்திருப்பவருக்கு ஒரு பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறேன். பினாங்கு டர்ஃப் கிளப் மூடப்பட்ட சமயத்தில், பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தோரோபிரெட் குதிரையை மகளுக்காக வாங்கினேன். காயடித்த ஆண், ஒன்பது வயது, சாதுவானது. எங்கே போனாலும் இதுவரை வாடகை லோரிதான். இப்போது ஒருவர் இரண்டு குதிரை ஏற்றும் இங்கிலாந்து டிரெய்லர் ஒன்றை விற்கிறார். என்னிடம் ஹைலக்ஸ் பிக்கப் உண்டு. வருடத்தில் மூன்று நான்கு தடவை கோலாலம்பூருக்குப் போட்டிக்குப் போகவேண்டும். மற்றபடி பக்கத்து லாயத்தில் வாராவாரம் பயிற்சி. ஒரு நண்பர் "கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்கிறார். இன்னொருவர் "நான் வாங்கி விற்றுவிட்டேன், அந்தத் தலைவலியே வேண்டாம்" என்கிறார். விற்பவர் டிரெய்லரை லாயத்துக்கே கொண்டுவந்தார். குதிரை சரிவுப் பலகையில் முன்கால் இரண்டையும் வைத்துவிட்டு அதற்குமேல் அசைய மறுத்துவிட்டது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் கோலாலம்பூர் போவதற்காக வாங்காதீர்கள். வாராவாரப் பயிற்சிக்கும், நடுராத்திரியில் குதிரைக்கு ஏதாவது ஆகிவிட்டால் உடனே ஏற்றிக்கொண்டு கிளம்புவதற்கும் வாங்குங்கள். போட்டிக்கான நெடும்பயணத்துக்கு, இப்போதைக்காவது, லோரியே இருக்கட்டும்.

உங்கள் நண்பர்கள் இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் நான் குதிரைகளுக்குச் சிகிச்சை செய்யப் போகும் லாயங்களில் இரண்டு ரகத்தாரையும் பார்க்கிறேன். டிரெய்லர் வாங்கி நிம்மதியாக இருப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் குறுகிய தூரம், அடிக்கடி போகிறவர்கள். ரவாங் பக்கம் ஒருவர் அரைமணி நேரத் தூரத்தில் இருக்கும் பயிற்சித் திடலுக்கு வாரம் தவறாமல் போகிறார். லோரிக்காரருக்கு ஃபோன் போட்டு, அவர் வரும் நேரத்துக்கு நம் நேரத்தை மாற்றிக்கொண்டு, வேறொருவர் குதிரையோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு போகிற அவஸ்தை அவருக்கு இல்லை. குதிரைக்கும் அது பழகிய இடமாகிவிட்டது. கதவைத் திறந்தால் தானே ஏறிக்கொள்கிறது. வாங்கி விற்றவர்கள் பெரும்பாலும் வருடத்தில் ஓரிரு முறை தூரப் பயணத்துக்காக வாங்கியவர்கள். மற்ற நாளெல்லாம் டிரெய்லர் மரத்தடியில் வெயிலிலும் மழையிலும் நிற்கும். போட்டிக்கு முந்தின நாள் போய்ப் பார்த்தால் டயர் வெடிப்பு விட்டிருக்கும், விளக்கு வயரை எலி கடித்திருக்கும், தரைப்பலகை மெத்தென்று அமுங்கும். இரண்டாவது நண்பரின் தலைவலிக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

நடுராத்திரி விஷயத்தைச் சொன்னேன். குதிரை வைத்திருப்பவர்களை நான் அதிகம் பயமுறுத்துவதில்லை; ஆனால் இதை மறைக்கவும் முடியாது. குதிரைக்கு வரும் வயிற்றுவலியில் பாதிக்கு மேல் லாயத்திலேயே மருந்தில் அடங்கிவிடும். அடங்காதது குடல் முறுக்காகவோ அடைப்பாகவோ இருக்கலாம். அதற்கு வயிற்றைத் திறக்கும் வசதியுள்ள மருத்துவமனை வேண்டும். செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு உங்கள் இடத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல். குடலுக்கு ரத்தம் போவது நின்றுவிட்டால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. அந்த வேளையில் லோரிக்காரர் தூக்கத்திலிருந்து எழுந்து, டிரைவரைத் தேடி, வந்து சேர்வதற்குள் பொழுது விடிந்துவிடும். முற்றத்தில் ஒரு டிரெய்லர் தயாராக நின்றால், உங்கள் ஊர் மருத்துவர் "ஏற்றுங்கள்" என்று சொன்ன அரைமணி நேரத்தில் நெடுஞ்சாலையில் இருப்பீர்கள். ஏறத் தெரிந்த குதிரையாக இருந்தால்தான் இந்தப் பேச்செல்லாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நெடும்பயணத்துக்கு ஏன் வேண்டாம் என்கிறேன்? முதல் காரணம் வெக்கை. இங்கிலாந்து, ஜெர்மனி டிரெய்லர்கள் குளிர்தேசத்துக்காகச் செய்யப்பட்டவை. கூரை தாழ்வு, ஜன்னல் சின்னது, காற்று வருவது வண்டி ஓடும்போது மட்டும். ஆஸ்திரேலியாக்காரர்கள் பயன்படுத்தும் டிரெய்லர்களில் பலவற்றுக்குப் பின்பக்க மேல்பாதி திறந்தே இருக்கும். நம் ஊருக்கு அந்த அமைப்புதான் ஒத்துவரும். 500 கிலோ எடையுள்ள ஒரு மிருகம் சும்மா நின்றாலே நிறைய உஷ்ணத்தை வெளிவிடுகிறது. ஓடுகிற வண்டியில் நிற்கும் குதிரையோ சும்மா நிற்பதில்லை. பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் நான்கு கால்களாலும் உடம்பைத் தாங்கிக்கொண்டே இருக்கிறது. விடுமுறை முடிந்த ஞாயிறு மாலையில் தஞ்சோங் மாலிமிலிருந்து ரவாங் வரை வண்டிகள் ஊர்ந்து போவதை நீங்களே அனுபவித்திருப்பீர்கள். அந்த நெரிசலில் டிரெய்லருக்குள் காற்று நின்றுவிடுகிறது. குதிரைக்கு வேர்த்துக் கொட்டும், தண்ணீர்ச்சத்து குறையும், குடல் அசைவு மந்தமாகும். போட்டிக்குப் போய் இறங்கிய மறுநாள் வயிற்றுவலி என்று எனக்கு வரும் அழைப்புகள் பலவற்றுக்கு இதுதான் ஆரம்பம்.

இரண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. குதிரை மூச்சுக்குழாயில் சேரும் சளியையும் தூசியையும் தலையைக் கீழே தொங்கவிட்டுத்தான் வெளியேற்றும். மேயும்போது அது இயல்பாகவே நடந்துவிடுகிறது. டிரெய்லரில் தலையை உயரத்தில் கட்டிவிட்டால் அந்த வடிகால் அடைபடுகிறது. கிருமிகள் கீழ்மூச்சுக்குழாயில் பெருக ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் போதும். மூக்குக்கு நேராகக் காய்ந்த புல் வலையைத் தொங்கவிட்டிருந்தால் தூசியும் சேர்ந்துகொள்ளும். பயணம் முடிந்து ஓரிரு நாளில் காய்ச்சல், சோர்வு, தீனி வேண்டாமை, பிறகு நுரையீரலிலும் அதைச் சுற்றியுள்ள சவ்விலும் சீழ். பயணக் காய்ச்சல் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பார்க்கச் சாதாரணச் சளி மாதிரி இருக்கும்; இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று விட்ட குதிரைகள் பிழைக்காமல் போயிருக்கின்றன. எனவே தூரப் பயணம் எதற்குப் போனாலும், லோரியானாலும் டிரெய்லரானாலும், திரும்பி வந்தபின் மூன்று நாளைக்குக் காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 38.5 டிகிரியைத் தாண்டினால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

லோரியில் இந்தப் பிரச்சினை அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கூரை உயரம், இருபுறமும் ஜன்னல், உள்ளே காற்றுக்கு இடம் அதிகம். நல்ல லோரியில் காற்று சஸ்பென்ஷன் இருப்பதால் அதிர்ச்சி குறைவு. கூட வரும் சைஸ் (குதிரையைப் பராமரிப்பவர்), வண்டி நின்றதும் தனிக்கதவு வழியாக நேராகக் குதிரையின் தலைப்பக்கம் போய்ப் பார்க்கலாம். கெடுதலும் உண்டு. மாடு ஏற்றிய லோரியை அரைகுறையாகக் கழுவிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் நின்றுவிட்டால் குதிரையும் சேர்ந்து நடுவழியில் நிற்கும். டிரெய்லரென்றால் வேறொரு பிக்கப்பைக் கொண்டுவந்து இழுத்துப் போய்விடலாம். இந்த ஒரு விஷயத்தில் டிரெய்லருக்குத்தான் என் ஓட்டு.

மூன்றாவது, சாலை. நீங்கள் தெற்கே வரும்போது சங்காட் ஜெரிங் தாண்டிய மேடுகள், பிறகு மெனோரா சுரங்கப்பாதை, அதைக் கடந்ததும் ஈப்போவை நோக்கி இறங்கும் நீண்ட சரிவு. இங்கிலாந்து டிரெய்லர்களுக்குத் தனி பிரேக் மிதி கிடையாது. முன்னால் போகும் வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் அதை முட்டித் தள்ளும். அந்த அழுத்தத்தில்தான் டிரெய்லரின் பிரேக் பிடிக்கும். தட்டையான ரோட்டில் இது அருமையான ஏற்பாடு. நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் விடாமல் முட்டிக்கொண்டே இருப்பதால் பிரேக்கும் விடாமல் தேய்ந்து, சூடேறி, வலுவிழக்கும். அதனால் சரிவு தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். இன்னொன்று, ஆட்டம். பெரிய லோரி உங்களை முந்திப் போகும்போதும் பினாங்குப் பாலத்தில் பக்கக்காற்று அடிக்கும்போதும் டிரெய்லர் வாலாட்டும். அப்போது பிரேக்கை மிதித்தால் ஆட்டம் இன்னும் மோசமாகும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள், அடங்கிவிடும். 80-க்கு மேல் போகவே போகாதீர்கள். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும்.

இப்போது அந்தப் பழைய டிரெய்லர். பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். முதலில் ரப்பர் பாயை முழுதாக வெளியே இழுத்துப் போடச் சொல்லுங்கள். விற்பவர் "அது ஒட்டிக்கொண்டிருக்கிறது, எடுக்க வராது" என்றால் அங்கேயே கையைக் கூப்பிவிட்டு வந்துவிடுங்கள். பாய்க்கு அடியில்தான் குதிரை மூத்திரம் தேங்கும். பலகைத் தரையென்றால் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து, நடுவில் குத்திப் பார்ப்பதோடு நிறுத்தாமல், பின்கால்கள் நிற்கும் இடத்திலும் ஓரங்களிலும் குத்திப் பாருங்கள். நல்ல பலகையில் நுனி உள்ளே இறங்காது; உளுத்த பலகையில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். நம் ஊர் ஈரத்துக்குக் கறையானும் சேர்ந்துகொள்ளும். அலுமினியத் தரையும் மூத்திரத்தில் அரிக்கும்: சாம்பல் நிறத்தில் பொடியாகப் பூத்திருக்கிறதா, சின்னச்சின்னக் குழி விழுந்திருக்கிறதா பாருங்கள். பிறகு குனிந்து அடியில் போய், தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களைக் கையால் தட்டிப் பாருங்கள். ஓடுகிற வண்டியில் தரை உடைந்து குதிரையின் கால் தார்ரோட்டில் உரசிக்கொண்டு போன காயத்தை ஒருமுறை பார்த்தவர்கள் இந்தச் சோதனையை ஜென்மத்துக்கும் மறக்கமாட்டார்கள். அந்தக் குதிரைக்கு நாங்கள் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான், வலியில்லாமல் விடுதலை.

டயரைப் பட்டன் தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று அச்சிட்டிருக்கும். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டிய டயரை, பட்டன் புதுசு போல இருந்தாலும், மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியையும் மறக்காமல் பாருங்கள். சக்கர பேரிங்கைத் திறந்து புது கிரீஸ் போட்டபிறகே சாலையில் இறக்குங்கள். டிரெய்லர் கழன்றுவிட்டால் தானாக பிரேக் பிடிக்கவைக்கும் மெல்லிய கம்பி ஒன்று முன்னால் இருக்கும். பல பழைய டிரெய்லர்களில் அதைக் காணவே காணோம்.

உள் உயரமும் முக்கியம். பந்தயக் குதிரை நெடியது. ஏழரை அடியாவது இருக்கட்டும். நடுத்தடுப்பு தரை வரை இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் குதிரையால் கால்களை அகட்டி நிற்க முடியாது. வளைவில் நிலைகுலைந்து சுவரை உதைக்கத் தொடங்கும். காஜாங்கில் ஒரு பெண்மணியின் குதிரை இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் சுவரை உதைத்துத் தகரத்தையே நெளித்துவிட்டது. குணம் கெட்டது என்று விற்கக்கூட யோசித்தார்கள். தடுப்பைக் கழற்றிவிட்டு முழு அகலத்துக்கு நெஞ்சுக் கம்பி போட்டதும் அது சாதுவாகப் பயணம் செய்கிறது. உங்களுக்கும் ஒரே குதிரைதானே, இது ஒத்துவரலாம். தடுப்பை எடுக்க முடியாத அமைப்பென்றால் குதிரையை வலப்பக்கம், டிரைவர் பக்கம் ஏற்றுங்கள். நம் ரோடுகள் இடது ஓரத்தை நோக்கிச் சாய்ந்திருப்பதால், இடப்பக்கம் ஏற்றினால் டிரெய்லர் ஓரத்துப் பள்ளத்தை நோக்கி இழுக்கும்.

பின்னோக்கி நின்று பயணம் செய்தால் குதிரைக்கு நல்லது என்று யாராவது சொல்வார்கள். சில ஆய்வுகளில் இதயத்துடிப்பு குறைவாகவும் நிலைகுலைவு குறைவாகவும் இருந்தது உண்மைதான். ஆனால் அதற்கென்று செய்த டிரெய்லர் வேண்டும். முன்னோக்கி நிற்கச் செய்த டிரெய்லரில் திருப்பி நிறுத்தினால் எடை பின்பக்கம் போய், டிரெய்லரைப் பிக்கப்பில் மாட்டும் கொக்கியில் அழுத்தம் குறைந்து, ஆட்டம் அதிகமாகும்.

ஹைலக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வகை டிரெய்லர் காலியாகவே சுமார் ஒரு டன் இருக்கும். உங்கள் குதிரையோடும் சேணம், தண்ணீர், தீனியோடும் ஒன்றரை டன்னைத் தாண்டும். பிக்கப்பின் கையேட்டில், பிரேக் உள்ள டிரெய்லர் எத்தனை கிலோ வரை இழுக்கலாம், கொக்கியின் மேல் எத்தனை கிலோ அழுத்தம் தாங்கும் என்ற இரண்டு எண்ணையும் பாருங்கள். மாடலுக்கு மாடல் மாறும். பட்டறையில் "எதையும் இழுக்கும் சார்" என்பார்கள். அவர்கள் எஞ்சினை நினைத்துச் சொல்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வண்டியை நிறுத்தும் சக்தி.

இனி உங்கள் குதிரை முன்காலோடு நின்றுவிட்டது பற்றி. அது பிடிவாதமில்லை. பந்தயக் காலத்தில் அது ஏறியதெல்லாம் விசாலமான லோரியில், மற்ற குதிரைகளோடு, தெரிந்த சைஸ் முன்னால் நடக்க. இப்போது தனியாக ஓர் இருட்டுப் பெட்டிக்குள் தலையை நுழைக்கச் சொல்கிறோம். அதற்கு அது சந்தேகப்பட்டதே அதன் புத்திசாலித்தனம். டிரெய்லரைப் பிக்கப்பில் மாட்டிய நிலையிலேயே சமதரையில் நிறுத்துங்கள். நடுத்தடுப்பை ஒதுக்குங்கள், முன்கதவைத் திறந்து வெளிச்சம் விடுங்கள். அன்றாடத் தீனியை அங்கேயே வையுங்கள்: முதலில் பலகையின் அடியில், அடுத்து பலகையின்மேல், பிறகு உள்ளே. பின்வாங்கினால் வாங்கட்டும், இழுத்துப் பிடிக்காதீர்கள். பின்னாலிருந்து துடைப்பத்தால் அடித்து ஏற்றுகிற வித்தையை யாராவது காட்டுகிறேன் என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். அன்றைக்கு ஏறும், அடுத்த தடவை பலகையைப் பார்த்ததுமே தலையைத் தூக்கும். உங்கள் மகளுக்குப் பொறுமை இருந்தால் அவரே செய்யட்டும், குதிரைக்கு அவர் குரல் தெரியும். ஏறி நின்று நிம்மதியாகத் தின்னும் வரை பின்கம்பியை, அதாவது குதிரையின் பின்னால் குறுக்கே போடும் தடுப்புக் கம்பியை, போடவேண்டாம். கம்பிக்குப் பழகும் வரை வண்டியை நகர்த்தவேண்டாம்.

வரிசை ஒன்றை மட்டும் மகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். ஏற்றும்போது முதலில் பின்கம்பி, அதன்பிறகே தலைக்கயிறு. இறக்கும்போது முதலில் தலைக்கயிற்றை அவிழ்க்க வேண்டும், அதன்பிறகே பின்கம்பி. தலை கட்டியிருக்கும்போது பின்னால் தடுப்பு இல்லாவிட்டால் குதிரை பின்வாங்கும், கயிறு இழுக்கும், மிரண்டு தலையை மேலே எறிந்து கூரையில் மோதும். மண்டையோடு உடைந்த குதிரைகள் பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேர்கின்றன. கயிற்றை வளையத்தில் நேராகக் கட்டாமல், புல்கட்டுக் கயிறு போல இழுத்தால் அறுந்துவிடும் ஒரு துண்டில் கட்டுங்கள். வண்டி ஓடும்போது யாரும் உள்ளே குதிரையோடு நிற்கக்கூடாது, அது எவ்வளவு கனைத்தாலும்.

அவசரத்துக்கு என்றாவது டிரெய்லரிலேயே தெற்கே வர நேர்ந்தால், அல்லது ஒன்றிரண்டு வருடம் பழகியபிறகு நீங்களே வரத் துணிந்தால், அதிகாலை மூன்று நான்கு மணிக்குக் கிளம்புங்கள். வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதி தாண்டிவிடும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தி, பின்கம்பியை எடுக்காமல், ஒருவர் முன்கதவு வழியாகத் தலைக்கயிற்றைப் பிடித்தபடி இருபது நிமிடமாவது தலையைத் தாழ்த்த விடுங்கள். ஓய்வுப் பகுதியில் குதிரையை வெளியே இறக்கவே கூடாது; ஒரு லோரி ஹாரன் போதும், நெடுஞ்சாலைக்குள் ஓடிவிடும். புல்லை நனைத்துக் கொடுங்கள். வீட்டுத் தண்ணீரைக் கேனில் கொண்டுவாருங்கள். ஊர்த் தண்ணீரின் வாசம் மாறினால் தாகத்தோடு நின்றாலும் குடிக்காத குதிரைகள் உண்டு. விடியலிலும் அந்தியிலும் நீர்நிலைப் பக்கம் நிறுத்தாதீர்கள், கொசுவைவிடச் சிறிய கடிபூச்சிகள் அந்த நேரத்தில்தான் மொய்க்கும். 2020-இல் தாய்லாந்திலும் பிறகு நம் நாட்டிலும் ஆப்பிரிக்கக் குதிரை நோயைப் பரப்பியது அந்த இனம்தான். குதிரை நடமாட்டத்துக்கே அப்போது கட்டுப்பாடு வந்தது. எனவே மாநிலம் தாண்டும் ஒவ்வொரு தடவையும், லோரியில் போனாலும், உங்கள் மாவட்டக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்தில் அனுமதி பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் டிரெய்லரின் பதிவுக் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்துக்குப் போங்கள். பெயர் மாற்ற முடியுமா, உங்கள் லைசென்ஸ் இந்த எடைக்குப் போதுமா என்று கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்திடம், டிரெய்லர் மாட்டியிருக்கும்போது விபத்து நடந்தால் பிக்கப்புக்கு இழப்பீடு உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

தரையும் டயரும் காகிதமும் சரியாக இருந்தால் வாங்கிவிடுங்கள். முதல் பத்து நாள் குதிரை இல்லாமல் காலி டிரெய்லரோடு ஓட்டிப் பழகுங்கள், குறிப்பாக ரிவர்ஸ். அதன்பிறகு குதிரையை ஏற்றி லாயத்தைச் சுற்றி ஐந்து நிமிடம். மறுவாரம் பக்கத்துப் பயிற்சித் திடல். அடுத்த போட்டிக்கு லோரிக்காரருக்கு இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள், விடுமுறை நெருங்கினால் அவர்களும் கிடைக்கமாட்டார்கள்.